இழுத்தால் வரணும்!

உங்கள் வீட்டுச் சமையல் மேடைக்குக் கீழே, கடப்பா கல் தடுப்புக்குள்ளே, கடைசி மூலையில் என்ன இருக்கிறது? யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

சட்டென்று பதில் சொன்னவர் நிச்சயம் அந்த வீட்டுப் பெண்ணாகத்தான் இருப்பார். தலையைச் சொறிகிறவர் ஆண். தப்பில்லை. அந்த இருட்டுக்குள் மண்டியிட்டு, முன்னால் இருக்கிற நாலு டப்பாவை வெளியே எடுத்து வைத்து, கையை விட்டுத் துழாவி, பின்னால் இருக்கிற புளி ஜாடியை எடுத்து, மறுபடி நாலு டப்பாவையும் உள்ளே தள்ளுகிறவர் நீங்கள் இல்லையே! உங்கள் மனைவி. இல்லாவிட்டால், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சமைக்கிற உங்கள் அம்மா.

இந்தக் கஷ்டத்துக்கு விடிவு என்று ஒரு சமாச்சாரம் ரொம்ப நாளாக இருக்கிறது. புல் அவுட், டிராலி, பாண்ட்ரி யூனிட் என்று கடைக்குக் கடை பேர் மாறும். விஷயம் ஒன்றுதான். பொருளைத் தேடி நாம் உள்ளே போக வேண்டாம். இழுத்தால் பொருள் வெளியே வரும்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கோஷ்டிகள் சண்டைக்கு வருகின்றன. முதல் கோஷ்டி, “அதெல்லாம் பணக்காரங்க வீட்டு ஷோக்கு சார். எங்க பாட்டி இழுப்பறை வெச்சுக்கிட்டா சமைச்சாங்க?” என்று கேட்கும். இரண்டாவது கோஷ்டி, அதைப் பணக்கார ஷோக்காகவே விற்றுப் பிழைக்கிற ஷோரூம்காரர்கள். பார்க்க எதிரிகள் மாதிரித் தெரிந்தாலும் இரண்டு பேரும் சொல்வது ஒன்றேதான்: ‘இது உனக்கில்லை!’

முதல் கோஷ்டிக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

வத்திராயிருப்புப் பக்கம் சுந்தரபாண்டியம் இருக்கிறது. கைத்தறி ஊர். தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால், நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். 1733-ல் ஜான் கே என்ற இங்கிலாந்துக்காரர் பேடன்ட் வாங்கிய ஏற்பாட்டின் வம்சம் அது. அதற்கு முன்னால் நாடாவைக் கையிலிருந்து கைக்கு மாற்ற வேண்டியிருந்தது. தார் தீர்ந்தால் அடுத்த தார் கைக்கெட்டுகிற தூரத்தில் தயாராக இருக்கும். எழுந்து போய்த் தேடினால் அன்றைக்கு முழம் குறையும். முழம் குறைந்தால் கூலி குறையும். யாரும் அதை ஷோக்கு என்று சொன்னதில்லை.

அந்தத் தாரைச் சுற்றித் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அதே பெண் சமையல்கட்டுக்குள் நுழைந்தால் குனிய வேண்டும், முட்டி போட வேண்டும், முக்காலி போட்டுப் பரணில் ஏற வேண்டும். ஏன்? சமையலுக்குக் கூலி கிடையாது. கூலி இல்லாத வேலையில் ஒடிகிற முதுகுக்கு எந்தச் சிட்டையிலும் வரவு செலவு எழுதுவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பணக்கார ஷோக்கு என்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். இன்றைக்கு நாம் மாடுலர் கிச்சன் என்று வாய் நிறையச் சொல்வதற்கு முன்னோடி, 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் சாதாரண ஜனங்களுக்காகக் கட்டப்பட்ட நகராட்சிக் குடியிருப்புகளில்தான் பிறந்தது. வடிவமைத்தவர் மார்கரெத்தே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர். அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம்ம ஊர் சமையல்கட்டு மாதிரியே குட்டி! அதற்குள் அரிசிக்கு, சர்க்கரைக்கு, பருப்புக்கு என்று வரிசையாக அலுமினிய இழுப்பறைகள். உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டிக்கொள்ளலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, புழு வைக்காது என்பதற்காக. சுமார் 10,000 வீடுகளில் இந்தச் சமையலறையை வைத்தார்கள். சுலபத் தவணைத் திட்டம் போட்டு விற்ற ஆடம்பரம் இல்லை இது. குறைந்த வாடகை வீட்டோடு வந்த வசதி.

இப்போது ஷோரூம்காரர்களுக்கு வருவோம்.

ராஜபாளையத்திலோ மதுரையிலோ ஒரு மாடுலர் கிச்சன் கடைக்குள் நுழையுங்கள். ஆறேழு அடி உயரத்தில் ஒரு யூனிட் நிற்கும். விற்பனையாளர் ஒரு விரலால் இழுப்பார். அஞ்சு அடுக்கும் மொத்தமாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உள்ளே என்ன இருக்கும்? கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா, பாஸ்தா பாட்டில், பிளாஸ்டிக் ஆப்பிள். எல்லாம் சேர்ந்தால் மூணு கிலோ தேறாது. நம் வீட்டு நிலவரம் என்ன? அரிசி கார்டு வைத்திருந்தால் மாதம் 20 கிலோ வரை ரேஷன் அரிசி. 2011 ஜூன் முதல் அதை இலவசமாகத் தருகிறார்கள். கடையில் வாங்குகிற வீடு என்றால் சிப்பம் சிப்பமாக வரும். 2022 ஜூலையில், 25 கிலோ வரை லேபிள் ஒட்டி அடைத்த அரிசிக்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. போட்டதும், நம்ம வியாபாரிகள் அசராமல் 26 கிலோ மூட்டை கட்ட ஆரம்பித்த கதை உங்களுக்கே தெரியும். இது போக உளுந்து, துவரம்பருப்பு, வத்தல், புளி, எண்ணெய் டின். இவ்வளவையும் அந்த ஒய்யார யூனிட்டில் ஏற்றிவிட்டு ஒரு விரலால் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சிட்டிகை கடுகு எடுக்க மொத்த மளிகையையும் ஊர்வலம் விட வேண்டுமா?

பி.காம். படித்த பாவத்துக்கு, எதைப் பார்த்தாலும் காசு எங்கே போகிறது என்று பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். இந்த இழுப்பறையையும் பிரித்துப் போட்டால் மிஞ்சுவது மூன்றே சாமான்: பலகை, தட்டு, சேனல். நகர்வது சேனல் மட்டும்தான். சாதாரண பால் பேரிங் டெலஸ்கோபிக் சேனல் ஒரு ஜோடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த ஒய்யார யூனிட்டோ பல ஆயிரம். நடுவிலிருக்கிற வித்தியாசம் எதற்கு என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

உங்களுக்கு வேண்டியது கதவுள்ள ஒரு சாதாரண அலமாரி. அதன் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக இழுக்கிற மாதிரி நாலு ஓரமும் தடுப்பு அடித்த பிளைவுட் தட்டு. உங்கள் ஊர் ஆசாரியே செய்து தருவார். கடுகு வேண்டுமா, கடுகுத் தட்டு மட்டும் வரும். சுமை பிரிந்துவிடுவதால் சேனலும் சீக்கிரம் தேயாது. அலமாரிக் கதவை முழுசாகத் திறந்தாலும் கீல் பக்கம் கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். தட்டு அதில் இடிக்காத அளவுக்கு ஒரு கட்டையை வைத்துச் சேனலைப் பொருத்தச் சொல்லுங்கள்.

சேனல் வாங்கும்போது “பிராண்ட் என்ன?” என்று கேட்பதற்கு முன்னால், “எத்தனை கிலோ தாங்கும்? முழுசா வெளிய வருமா?” என்று கேளுங்கள். சாதாரண சேனல்களில் ஜோடிக்கு 30 கிலோ, 35 கிலோ, 45 கிலோ என்று பல ரகம் உண்டு. முக்கால்வாசி மட்டும் வெளியே வருகிற மலிவு உருளைச் சேனலை வாங்கினால், கடைசிக் கால்வாசியில் மறுபடி அதே இருட்டு, அதே துழாவல்.

அடுத்து, ஒல்லி மயக்கம். ஆறு அங்குல இடுக்கில்கூட ஒரு புல் அவுட் வைக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். கணக்குப் போடுங்கள். ஆறு அங்குலம் என்பது 150 மில்லிமீட்டர். இரண்டு பக்கப் பலகைக்கு 18 வீதம் 36 போச்சு. பக்கத்துக்கு ஒரு சேனல் வைத்தால் 13 வீதம் 26 போச்சு. மிச்சம் 88. காசு கொடுத்த இடத்தில் அறுபது சதவிகிதம்கூட முழுசாகக் கையில் இல்லை. இதே கணக்கை 450 மில்லிமீட்டர் அகலத்துக்குப் போட்டால் மிச்சம் 388, எண்பத்தாறு சதவிகிதம். அகலமாக ஒன்று வைப்பது, ஒல்லியாக மூன்று வைப்பதை விட லாபம். சேனலும் இரண்டு ஜோடி மிச்சம்.

கம்பிக் கூடை வேண்டுமென்றால் ஒரு காந்தத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். பளபளவென்று குரோம் பூசிய இரும்பை ‘எவர்சில்வர்’ என்று தள்ளிவிடப் பார்த்தால் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்றதும் பூரித்துப் போக வேண்டாம். 202 கிரேடும் ஒட்டாது, 304 கிரேடும் ஒட்டாது. 202-ல் நிக்கல் குறைவு. உப்பும் ஈரமும் படுகிற இடத்தில் சீக்கிரம் துரு ஏறும். பில்லில் கிரேடை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் கடையை மாற்றுங்கள். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருந்தால் தண்ணீரைத் தாங்குகிற ரகம். ஐ.எஸ். 303-ல் எம்.ஆர். என்று போட்டிருந்தால் ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும். சிங்க் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

“எங்க வீட்ல எல்லாம் கடப்பா கல் தடுப்பு சார். ஸ்குரூவே இறங்காதே!” என்கிறீர்களா? உள்ளே ஒரு மரச் சட்டம் செய்து நுழைத்து, அதில் சேனலை மாட்டலாம். அதற்கும் கையில் காசில்லையா? கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைக்கிற சக்கர ஸ்டாண்டு பாத்திரக் கடையிலேயே கிடைக்கும். நிறைந்த சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. அதைத் தாங்குகிற ஸ்டாண்டு 26 கிலோ அரிசி டிரம்மைத் தாங்காதா? மேடைக்குக் கீழே தரை சமமாக இருந்தால் போதும். டிரம் அடங்குகிற அகலத்தில் ஸ்டாண்டு வாங்குங்கள். உலகத்திலேயே மலிவான புல் அவுட் அதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: அழகாக இருக்கிறதென்று சிலிண்டரைக் காற்றுப் புகாத அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் அடியிலேயே தங்கும்.

கடைசியாகச் சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2024-ல் அறிவிக்கப்பட்ட ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில், கிராமப்புற வீடு ஒன்றுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்ச ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். நல்ல திட்டம். அந்த 360 சதுர அடிக்குள், ஒரு மாத ரேஷன் எங்கே, எந்த உயரத்தில் உட்காரும் என்று ஒரு இன்ஜினீயர் யோசித்தால் என்ன? 1926-லேயே ஒரு நகராட்சி யோசித்திருக்கிறதே! ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவில் சேனல் பொருத்துவதை ஒரு பாடமாக வைக்க எத்தனை கோடி ஆகிவிடும்? சேனல் அட்டைப் பெட்டியின் மேல் ‘இவ்வளவு கிலோ தாங்கும்’ என்று தமிழில் ஒரு வரி அச்சடித்தால் கம்பெனிகள் திவாலாகிவிடுமா?

சர்க்கார் யோசிக்கிறபோது யோசிக்கட்டும். நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை இஞ்ச் டேப்பை எடுங்கள். சுவரை அப்புறம் அளக்கலாம். சமைக்கிறவரை நேராக நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முட்டி வரை, முட்டியிலிருந்து தோள் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தினமும் கை போகிற சாமான் எல்லாம் முட்டிக்கும் தோளுக்கும் நடுவில் வர வேண்டும். அரிசி மட்டும் கீழே, சக்கரத்திலோ சேனலிலோ. இந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள். விற்பனையாளர் அந்த ஏழடி யூனிட்டை ஒரு விரலால் இழுத்துக் காட்டும்போது, நீங்கள் பேச வேண்டிய வசனம் ஒன்றுதான்:

“இருபது கிலோ அரிசியை வெச்சுட்டு இழுங்க தம்பி, பார்க்கலாம்!”