இடுப்பு வலி விதியன்று

கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் விளையும் வெங்காயத்தையும் மிளகாயையும் நாடு அறியும். அவ்விளைச்சலுக்காக நாளெல்லாம் குந்தியிருந்து களை பிடுங்குவோரின் உடல் படும் பாட்டை அறிபவர் எத்தனை பேர்? பள்ளிவாசல்துறையில் இளவயது விவசாயி ஒருவர் தொடையிடுக்கில் வலியென்று சொன்னால், வாதம் என்பர், எண்ணெய் பூசுவர், உழைப்பவனுக்கு வலி இயல்பே என்று விட்டுவிடுவர். இவ்வெண்ணம் ஒழிய வேண்டும் என்பதே நமது கருத்து.

இடுப்பு மூட்டு, கிண்ணத்துள் சுழலும் பந்தினை ஒத்தது. தொடையெலும்பின் தலையும் கழுத்தும் சேருமிடம் மேடிட்டிருந்தாலோ, கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மிஞ்சி நீண்டிருந்தாலோ, குந்தும்போது எலும்போடு எலும்பு முட்டும். விளிம்பைச் சுற்றியுள்ள வளையம் கிழியும். நாளடைவில் குருத்தெலும்பும் தேயும். சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகர நிபுணர் றைன்ஹோல்ட் கான்ஸும் அவர்தம் குழுவினரும், இம்முட்டலே மூட்டுத் தேய்வுக்கு ஒரு காரணம் என்று 2003ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

அவர்கள் மூட்டைத் திறந்து, பந்தைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுத்துச் சத்திரசிகிச்சை செய்தனர். இன்றோ காலை இழுத்துப் பிடித்து மூட்டில் இடைவெளி உண்டாக்கி, இரண்டு மூன்று சிறு துளைகள் வழியாகவே செய்து முடிக்கின்றனர். ஒரு துளையில் ஒளிக்கருவி, மற்றதில் ஆயுதம். மேடிட்ட எலும்பு செதுக்கப்படுகிறது. கிழிந்த வளையம் எலும்போடு சேர்த்துத் தைக்கப்படுகிறது.

அங்ஙனமாயின் வலியுள்ளோர் அனைவரும் சத்திரசிகிச்சை மேசையை நாட வேண்டுமா? வேண்டியதில்லை. பிரித்தானியாவில் 348 நோயாளரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் துளைவழிச் சிகிச்சையும், மறு பிரிவினர் முறையான உடற்பயிற்சிச் சிகிச்சையும் பெற்றனர். இரு சாராரும் நலம் கண்டனர். சத்திரசிகிச்சை பெற்றோர் ஓரளவு கூடுதலாகக் கண்டனர். எலும்பின் வடிவு இவ்வாறிருந்தும் வலியே இல்லாதோர் பலர். அவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை. குருத்தெலும்பு பெரிதும் தேய்ந்தோருக்குத் துளைவழிச் சிகிச்சை பயன் தராது; செயற்கை மூட்டே வழி. ஆகவே காலமறிந்து நோயைக் காண்பதே முதன்மையானது.

அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டியதில்லை. முழங்காலை நெஞ்சை நோக்கி மடக்கி உட்புறம் திருப்பிப் பார்க்கும் வைத்தியரின் கையும், ஓர் எக்ஸ்ரே படமும் தொடக்கத்திற்குப் போதும். பணமுள்ளவர் சென்னைக்குப் பறப்பார். வெங்காயப் பாத்தியையே நம்பி வாழ்பவர், நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொழும்புக்கு எத்தனை முறை கூலியை இழந்து போய்வருவார்? இலவச வைத்தியம் என்பது சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதோடு முடிந்துவிடுமா?

ஆதலின் அரசினரை நாம் கேட்பது இரண்டு. உடற்பயிற்சிச் சிகிச்சை உழவனுக்கு எட்டும் தூரத்திலேயே கிடைக்க வேண்டும். அதனால் குணமடையாதோரைத் தேர்ந்த நிபுணரிடம் தாமதமின்றி அனுப்பும் ஒழுங்கு வேண்டும். தமிழறிந்த வைத்தியர்கள் இந்நோயை மக்களுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பார்களாக. விவசாயப் பெருமக்களும், குந்தும்போது தொடையிடுக்கில் குத்தும் வலி வாரக்கணக்கில் நீடிப்பின், எண்ணெய்ச் சீசாவை வைத்துவிட்டு வைத்தியரை நாட வேண்டும். நாட்டுக்கு உணவளிப்பவன் நாற்பது வயதில் நொண்டி நடப்பது விதியன்று, நமது அசட்டையே.