பந்தும் வேண்டும், படிப்பும் வேண்டும்!

"விளையாடினால் படிப்பு கெட்டுவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். ஆசிரியராக இருந்தபோது நானும் அப்படிச் சொன்னவன்தான். தேர்வு நெருங்கினால், விளையாட்டு வகுப்பையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் கோப்பை என்று ஒரு விருது உண்டு. கல்லூரிக் கால்பந்து வீரர்களுக்குத் தரப்படுவது. (அங்கே கால்பந்து என்றால், நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்!) இந்த விருதுக்கு, நன்றாக ஆடினால் மட்டும் போதாது. படிப்பில் 4க்குக் குறைந்தது 3.2 புள்ளி எடுத்திருக்க வேண்டும். தலைமைப் பண்பையும் பார்ப்பார்கள்.

1990இல் இதை முதன்முதலில் பெற்றவர், விமானப்படை அகாடமி வீரர் கிறிஸ் ஹோவர்ட். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். 2009இல் ஒரு கல்லூரிக்கே தலைவரானார்.

அங்கே கல்லூரி அணிகளில் ஆடும் நூறு பேரில் இரண்டு பேருக்குக்கூடத் தொழில்முறை அணியில் இடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், காலில் பலமாக அடிபட்டால் ஆட்டம் முடிந்தது. அப்போது கைகொடுப்பது படிப்புதான்.

அதற்காக விளையாட்டை விட்டுவிடாதீர்கள். இன்று தோற்றாலும் நாளை மறுபடி முயல வேண்டும் என்பதை மைதானம்தான் கற்றுத்தரும்.

எனவே, உங்கள் விளையாட்டு வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆனால், வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுக் கேளுங்கள்!