அப்பாவோட ஸ்டீரியோவை எடைக்குப் போட்டாச்சா?

கோடை லீவுக்கு ஊருக்குப் போய்ட்டு மும்பை திரும்புற நம்ம மக்கள்கிட்ட ஒரு கேள்வி. "வீட்டையே ஒழிச்சுட்டோம்"னு பெருமையா சொல்றீங்களே, அப்பாவோட ஸ்டீரியோ எங்கே?

காயலான் கடையில. கிலோ கணக்குல!

அந்தக் கனம் எதனாலன்னு யோசிச்சீங்களா? உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்சிங்க்கும். ஆம்ப்ளிஃபயரோட தெம்பே அதுலதான் இருக்கு. அதை எடைக்குப் போட்டுட்டு, அட்டைப்பெட்டி மேல பி.எம்.பி.ஓ. ஆயிரக்கணக்கான வாட்ஸ்னு அச்சடிச்ச பிளாஸ்டிக் டப்பாவை வாங்கி மாட்டினவங்க நம்மள்ல எத்தனை பேர்! அது கண் சிமிட்டுற நேரத்துக்குச் சொல்ற கணக்கு. அப்பாவோட செட் 30 வாட்ஸ்னா, அது நின்னு நிதானமா கொடுக்கிற 30.

"ஓடலியே சார்"ம்பீங்க. பெரும்பாலும் பெல்ட் இளகியிருக்கும், கெப்பாசிட்டர் காஞ்சிருக்கும், வால்யூம் கன்ட்ரோல்ல அழுக்கு சேர்ந்து கரகரங்கும். ஸ்பீக்கரைச் சுத்தி இருக்கிற ஃபோம் பொடிஞ்சு உதிரும். எல்லாமே மாத்தக்கூடிய சமாச்சாரம். இங்கே லாமிங்டன் ரோடு, சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட். ஆனா 20 வருஷம் தூங்கின செட்டை நேரா பிளக்ல சொருகாதீங்க. மெக்கானிக்கை சீரிஸ் பல்பு போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ஜப்பான்லேர்ந்தே வந்த செட்டுன்னா 100 வோல்ட்டா இருக்கும், நம்ம 230-ல சொருகினா புகைதான்.

பழசெல்லாம் தங்கம்னு நான் சொல்ல வரல. தெருமுனைக் கடையில பதிஞ்ச கேசட்ல பாதி அப்பவே சவசவன்னுதான் இருந்தது :-)

இன்னொரு கூட்டம் இருக்கு, ரசிகர்களாம். சோர் பஜார்ல பளபளன்னு பித்தளைக் குழாய் வெச்ச கிராமபோன் வாங்கி ஹால்ல வைப்பாங்க. அதுல நிறைய புதுசா ஒட்டுப்போட்ட உருப்படிதான், நாய் படமும் சேர்த்து. வால்வு ரேடியோவோட குடலை உருவிட்டு உள்ளே ப்ளூடூத் வைக்கிறவங்களைப் பத்தி பேசினா எனக்கு பி.பி. ஏறும். அதைவிட மோசம் அந்த சூட்கேஸ் மாடல் பிளேயர். நல்ல மேக்னெடிக் கார்ட்ரிட்ஜ் ரெக்கார்ட் மேல ஒன்றரை, ரெண்டு கிராம் எடையில உக்காரும். இதுல வர்ற செராமிக் ஊசி பல மாடல்ல 5 கிராம் வரைக்கும் அழுத்தும். அப்பா உறை மடங்காம வெச்சிருந்த இளையராஜாவோட 1986 'ஹவ் டு நேம் இட்' எல்.பி.யை இதுலயா தேய்க்கணும்?

எனக்கு உண்மையான கோபம் வேற. எடைக்குப் போடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா? செம்பூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கேட்கல. "அப்பா ஒண்ணுமே சொல்லல"ன்னார். மகன் லீவு போட்டு வந்து வீட்டைச் சுத்தம் பண்ணும்போது எந்த அப்பா வாயைத் திறப்பார்? செட் இருந்த மூலையில இப்ப ஷூ ரேக் இருக்காம்.

ஊர்லயே ரிப்பேர் பண்ணி அவர் கை எட்டுற இடத்துல வைங்க. அவரே இங்கே வந்துட்டார்னா செட்டும் கூட வரட்டும். டோன் ஆர்மை நூலால கட்டுங்க, பிளாட்டரைக் கழட்டித் தனியா சுத்துங்க. ரெக்கார்டுகளைப் படுக்க வைக்காம நிமிர்த்தி அடுக்குங்க, ரயில்ல சீட்டுக்கு அடியில சரியா போகும்.