"அசல்", "டூப்ளிகேட்" ஆகிய இரு சொற்கள் போதா: கள ஆய்வுக் கேமராவின் பேட்டரி குறித்து

கள ஆய்வுக்குக் கேமரா வாங்கும்போது லென்ஸைப் பற்றி நான்கு முறை கூடிப் பேசுகிறார்கள்; மைக்கைப் பற்றி இரண்டு முறை பேசுகிறார்கள். பேட்டரியைப் பற்றிக் கோப்பில் ஒரே ஒரு வாக்கியம்தான் ஏறுகிறது: "அசல் மட்டுமே வாங்குக." எச்சரிக்கையின் உடையை அணிந்துகொண்ட சோம்பல் இது. இவ்வாக்கியம் ஆய்வாளரைப் போலியிலிருந்து காப்பதில்லை. பல வேளைகளில் போலியின் வாசலிலேயே கொண்டு நிறுத்துகிறது.

இதனால் இழப்பது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். கேனான் 5டி மார்க் 2 போன்ற ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா, முழுதாகச் சார்ஜ் ஏறிய ஓர் எல்பி-இ6 பேட்டரியைக் கொண்டு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் காணொளி பதியும். அதுவும் மிதமான வெப்பநிலையில், புதிய பேட்டரியில். பஸ்தரின் காட்டோரச் சிற்றூரிலோ அருணாசலப் பிரதேசத்தின் மலைச்சரிவிலோ நாள் முழுவதும் மின்சாரம் இல்லாத நிலையில், முதியவர் ஒருவர் தம் குலக்கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டால், ஒன்றரை மணி நேரம் எந்த மூலைக்குப் போதும்? 2010 சனவரி 26 அன்று அந்தமானில் போவா சீனியர் மறைந்தபோது, போ மொழியைப் பேசிய கடைசி மனிதரும் மறைந்தார். அத்தகையோரின் பேச்சை "நாளை வந்து பதிந்துகொள்ளலாம்" என்று ஒத்திவைக்க முடியாது. நிக்கோலஸ் ஹிம்மல்மன் 1998இல் எழுதிய கட்டுரைக்குப் பின் மொழி ஆவணமாக்கம் தனித்துறையாகவே நிலைபெற்றது. அத்துறையில் பதிவுதான் தரவு. பதிவு நின்றால் ஆய்வும் நின்றது. ஆகவே பேட்டரியை ஆய்வுக் கருவியாகக் கருத வேண்டும். எழுதுபொருள் கணக்கில், பேனாவுக்கும் கோந்துக்கும் நடுவில், அதை எழுதி முடிப்பது தவறு.

குழப்பம் சொல்லில்தான் தொடங்குகிறது. கேமராக் கடையிலும் அலுவலகக் கோப்பிலும் புழங்குபவை இரண்டே சொற்கள்: "ஒரிஜினல்", "டூப்ளிகேட்". ஆனால் சந்தையில் இருக்கும் பொருள்களோ மூன்று வகை. கேமராவைச் செய்த நிறுவனமே விற்கும் பேட்டரி முதல் வகை. வேறொரு நிறுவனம் தன் சொந்தப் பெயரைப் பொறித்து, "இன்ன கேமராவுக்குப் பொருந்தும்" என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பது இரண்டாம் வகை. கேமரா நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் களவாடி ஒட்டிக்கொண்டு வருவது மூன்றாம் வகை. இரண்டாவது, வேறொருவரின் நேர்மையான பொருள், மூன்றாவது மோசடி. "டூப்ளிகேட்" என்னும் ஒரே சொல் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. பொருண்மையியலின் முதல் பாடத்தைப் படித்த மாணவரும் கண்டுபிடிக்கக்கூடிய இப்பிழையைத்தான் பல துறைகள் கொள்முதல் கொள்கையாக வைத்திருக்கின்றன.

இதன் விளைவு விபரீதமானது. "அசல்" என்னும் பெயரை மட்டும் பார்க்கும் வாங்குநர், பெயரை மட்டும் ஒட்டிவைத்த போலியிடம் எளிதில் ஏமாறுகிறார். நேர்மையான பிற நிறுவனப் பேட்டரி, தன் சொந்தப் பெயரைச் சொன்ன குற்றத்துக்காகவே நிராகரிக்கப்படுகிறது. பொய்ப் பெயர் சூடிய பேட்டரி கோப்பைத் தாண்டிவிடுகிறது. உண்மை சொன்னவருக்குத் தண்டனை, பொய் சொன்னவருக்குக் காசோலை! 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 144ஆம் விதி சொல்வது வேறு: வாங்கும் பொருளின் தரம், வகை முதலியவற்றைத் தெளிவாக வரையறுக்க வேண்டும், தேவையற்ற கூறுகளைச் சேர்த்து வீண்செலவு செய்யக் கூடாது. "அசல்" என்பது தர வரையறை அன்று. எத்தனை வாட்-மணி, எத்தனை நிமிடப் பதிவு, என்ன பாதுகாப்புப் பதிவு என்று எழுதுவதே வரையறை. அதை எழுதாவிட்டால் மிஞ்சுபவை இரண்டு பாதைகள்: ஒன்று, பெயருக்காகப் பல மடங்கு கொடுத்து ஒரே ஒரு பேட்டரியோடு களத்துக்குப் போவது, மற்றொன்று, யார் குறைந்த விலை சொன்னாரோ அவரிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது. இரண்டிலும் சோதனை என்னும் சொல்லுக்கு இடமில்லை.

இனிப் பொருள்களைத் தனித்தனியே பார்க்கலாம். கிரிப், பேட்டரி, சார்ஜர் ஆகிய மூன்றுக்கும் ஒரே விதியைப் பொருத்துவதும் மேற்சொன்ன சோம்பலின் மற்றொரு முகமே.

பிற நிறுவனத் தயாரிப்பைத் துணிந்து வாங்கத்தக்க பொருள் பேட்டரி கிரிப். அதன் உள்ளே பெரிய மர்மம் ஏதும் இல்லை: இரண்டு பேட்டரிக்கான அறை, சில பொத்தான்கள், மின்தொடுமுனைகள், கேமராவின் அடியில் இறுகும் ஒரு திருகு. ஆனால் பார்க்க வேண்டியவை உண்டு. கிரிப்பை மாட்டிக் கேமராவை முக்காலியில் ஏற்றி, இலேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். இடையில் ஆட்டம் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டத்தால் படம் அதிர்வது சிறிய தொல்லை. மின்தொடர்பு ஒரு கணம் விட்டுப்போவதே பெருங்கேடு. எம்ஓவி, எம்பி4 கோப்புகளில், கோப்பைத் திறக்க உதவும் குறிப்புகள் பெரும்பாலும் பதிவு முடியும்போதே எழுதப்படுகின்றன. நடுவில் மின்சாரம் அறுந்தால், அதுவரை பதிந்ததும் திறக்க முடியாத கோப்பாகக் கிடக்கும். பொத்தான் மென்மையாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் திருகு இறுகுகிறதா என்று பார்ப்பதில்லை.

கிரிப்பின் அமைப்பையும் அறிந்திருக்க வேண்டும். கேனான் 5டி வரிசைக் கேமராக்களில் உடலிலுள்ள பேட்டரியை எடுத்துவிட்டு, கிரிப்பின் தண்டை அந்த அறைக்குள் செருக வேண்டும். இரண்டு பேட்டரிகளும் கிரிப்புக்குள் போகும். பதிவு நேரம் இரட்டிக்கும். ஆனால் தட்டை உருவினால் கேமரா அணைந்துவிடும். நிக்கான் டி700, டி800 முதலியவற்றில் ஒரு பேட்டரி உடலிலேயே தங்கிவிடும். நிக்கானின் விலை குறைந்த டி5000 வரிசைக் கேமராக்களில் கிரிப்புக்கான மின்தொடுமுனையே இல்லை. அவற்றுக்கு விற்கப்படும் பிற நிறுவனக் கிரிப்புகள் பக்கவாட்டுத் துளையில் ஒரு கம்பியைச் செருகி ஷட்டரை இயக்குகின்றன. அக்கம்பி எதிலாவது மாட்டி உருவிக்கொள்ளும் என்பதை வாங்கும்முன் எண்ண வேண்டும். பல கிரிப்புகளோடு, பென்சில் செல் என்று கடையில் கேட்கும் ஏஏ செல்கள் ஆறினை அடுக்கும் தட்டும் வருகிறது. மின்கம்பம் எட்டாத ஊரின் வாரச்சந்தையிலும் அந்தச் செல் கிடைக்கும். அது நெடுநேரம் தாங்காது. ஆயினும் ஒரு சொற்பட்டியலையோ வாழ்த்துப் பாடலையோ காப்பாற்றப் போதும். இத்தட்டு இல்லாத கிரிப் எவ்வளவு அழகாக இருந்தாலும் கள ஆய்வுக்குப் பாதிப் பயனே தரும்.

பேட்டரிக்கு வந்தால், இங்கு நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் மாறாக அளவுகோல் வேண்டும். முதல் எல்பி-இ6 பேட்டரியின் கொள்ளளவு 1800 மில்லிஆம்பியர்-மணி. அதே வடிவத்தில் கேனானே 2020இல் கொண்டுவந்த எல்பி-இ6என்எச் பேட்டரியின் அளவு 2130. உற்பத்தியாளரே பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கூட்டுக்குள் அவ்வளவுதான் ஏற்ற முடிந்திருக்கிறது. அதே கூட்டின் மேல் 2600, 2700 என்று அச்சிட்டு, விலையையும் மூன்றில் ஒன்றாகச் சொல்பவரை நம்புவதற்குமுன் தராசை எடுக்க வேண்டும். அசல் பேட்டரி ஏறத்தாழ 80 கிராம் எடை. கொள்ளளவு கூடுதல் என்று சொல்லிக்கொண்டு எடையில் குறைந்திருக்கும் பேட்டரி, தன் பொய்யைத் தானே சுமந்து வருகிறது.

அடுத்தது ஓட்டச் சோதனை. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஒரே அமைப்பில், ஒரே அறையில், கேமரா அணையும்வரை காணொளி பதிந்து நிமிடத்தைக் குறிக்க வேண்டும். கேமரா முப்பது நிமிடத்துக்குச் சற்று முன்பாகத் தானே நிறுத்தினால் மீண்டும் தொடங்கினால் போயிற்று. ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கேமரா அந்தப் பேட்டரியோடு பேசுகிறதா என்பதும் முக்கியம். மீதி அளவைச் சதவீதத்தில் காட்டாமல், "பேட்டரியுடன் தொடர்புகொள்ள இயலவில்லை" என்று கேமரா அறிவித்தால், அது எப்போது அணையும் என்பது யாருக்கும் தெரியாது. முன்பு நிக்கான் டி3100, டி5100 போன்றவற்றின் ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்பட்டபோது, அதுவரை ஒழுங்காக ஓடிய பிற நிறுவனப் பேட்டரிகள் பலவற்றைக் கேமரா ஏற்க மறுத்தது. ஆகவே களப்பயணத்துக்கு முந்தின வாரம் ஃபர்ம்வேரில் கைவைப்பது அறிவுடைமை ஆகாது.

சார்ஜரில்தான் கண்டிப்பு வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அசல் பேட்டரியை வற்புறுத்தும் கோப்புகள் சார்ஜரைப் பற்றி வாய் திறப்பதில்லை. இப்பேட்டரிகளுக்குள் இரண்டு லித்தியம்-அயனி செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டில் நிறைகிறது. இரண்டும் சேர்ந்து 8.4 வோல்ட். அந்த எல்லையில் மின்னோட்டத்தைக் குறைத்து நிறுத்துவதும், பேட்டரியின் வெப்பத்தைக் கவனிப்பதுமே நல்ல சார்ஜரின் வேலை. எல்லையைத் தாண்டினால் பேட்டரி உப்பும். கிரிப்பின் அறைக்குள் சிக்கிக்கொள்ளும். மோசமான நிலையில் தீப்பற்றும். விடுதி அறையில் படுக்கைக்கு அருகே இரவெல்லாம் சார்ஜ் போட்டுத் தூங்கும் மாணவருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. யுஎஸ்பி வழியே இரண்டு பேட்டரிகளை ஏற்றும் பிற நிறுவனச் சார்ஜர், பவர் பேங்கும் சூரியத் தகடும் மட்டுமே உள்ள இடத்தில் பெருந்துணை. ஆயினும் கணக்குப் போட வேண்டும்: 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 14 வாட்-மணிப் பேட்டரி இரண்டை நிரப்ப, இழப்பையும் சேர்த்தால், மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். "ஒரு மணி நேரத்தில் இரண்டும்" என்று அட்டையில் எழுதியிருந்தால், அந்த அட்டையை மூடிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

பாதுகாப்பைச் சொல்லித்தான் "அசல் மட்டுமே" என்கிறோம் என்று மறுப்பார்கள். நியாயமான கவலை, அதற்கு விடை பெயரில் இல்லை. கையடக்கக் கருவிகளின் லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16046 என்னும் தரமும், கட்டாயப் பதிவு முறையும் உள்ளன. பேட்டரியின் மேல் ஆர் எழுத்தோடு தொடங்கும் பதிவெண் இருக்கிறதா, அந்த எண் மெய்யானதா என்பதைப் பிஐஎஸ் கேர் செயலியில் சில நொடிகளில் பார்த்துவிடலாம். இதைக் கேட்காத கொள்முதல் குழு பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

உத்தரவாதம் போய்விடும் என்பது அடுத்த மறுப்பு. பிற நிறுவனப் பேட்டரியால் விளைந்த சேதத்தைக் கேமரா நிறுவனம் ஏற்காது என்பது உண்மை. ஏற்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் வேறொருவர் பொருளைத் தொட்டதற்காகவே முழு உத்தரவாதமும் போகும் என்னும் அச்சத்தை இந்தியச் சட்டச் சிந்தனை எளிதாக ஏற்பதில்லை. 2014இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகச் சந்தையைப் பூட்டிவைத்ததற்காகக் கார் நிறுவனங்கள் பதினான்கின் மேல் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது கார் பற்றிய ஆணைதான், மேல்முறையீடுகளையும் கண்டதுதான். ஆயினும் அது எழுப்பிய கேள்வி கேமராவுக்கும் பொருந்தும்: வாங்கியவரின் பொருளில் விற்றவரின் ஆட்சி எதுவரை? 2022இல் நுகர்வோர் நலத்துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்ததும் இக்கேள்வியின் தொடர்ச்சியே.

கண்டனம் அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று. பயணத்துக்கு முந்தின இரவு இணையத்தில் கிடைத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, களத்தில் அது கைவிட்டதும் "டூப்ளிகேட் இப்படித்தான்" என்று முடித்துக்கொள்ளும் ஆய்வாளரும் பொறுப்பாளியே. அவர் சோதிக்கவில்லை, சோதித்தவரும் எழுதிவைக்கவில்லை. ஆய்வேட்டின் முறையியல் இயலில் கேமராவின் பெயர் வருகிறது, மைக்கின் பெயர் வருகிறது. எந்தப் பேட்டரி எத்தனை நிமிடம் ஓடியது என்பது பெரும்பாலும் வருவதில்லை. ஒவ்வொரு தொகுதி மாணவரும் அதே பணத்தை அதே தவறில் இழக்கிறார்கள்.

துறைகள் செய்ய வேண்டியது பெரிதன்று. கோப்பிலிருந்து "அசல் மட்டுமே" என்பதை அடித்துவிட்டு, வாட்-மணி, குறைந்தபட்சப் பதிவு நிமிடம், பிஐஎஸ் பதிவெண், திருப்பிக் கொடுக்கும் காலம் ஆகிய நான்கையும் எழுத வேண்டும். அசலை வாங்குவதானால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்க வேண்டும். ஒவ்வொரு பேட்டரியின் மேலும் எண்ணையும் வாங்கிய மாதத்தையும் ஒட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டச் சோதனை செய்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் குறித்துவைக்க வேண்டும். உப்பிய பேட்டரியைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும். அந்த நோட்டைப் பூட்டிவைக்காமல் அடுத்த துறைக்கும் காட்ட வேண்டும்.

கதை சொல்லும் பாட்டிக்குக் கேமராவின் அடியில் இருப்பது யாருடைய பேட்டரி என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை அது ஓடுமா என்பதை, அவர் முன் போய் அமர்வதற்கு முன்பே ஆய்வாளர் அறிந்திருக்க வேண்டும்.