கடிவாளமும் சவுக்கும்

1994 ஜனவரி 17, விடிகாலை 4.31 மணி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தூக்கத்தில் இருந்தபோது பூமி குலுங்கியது. நார்த்ரிட்ஜ் பூகம்பம் என்று பெயர் பெற்ற அந்த அதிர்ச்சியில் பாலங்கள் சரிந்தன, அடுக்குமாடி வீடுகள் மடிந்து விழுந்தன. இடிபாடுகளில் சிக்கி இறந்தவர்களின் கணக்கு முடிந்த பிறகு டாக்டர்கள் இன்னொரு கணக்கையும் எடுத்தார்கள். பூகம்பத்துக்கு முந்திய வாரத்தில் அந்த வட்டாரத்தில் இதயநோயால் திடீரென்று இறந்தவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 பேர். பூகம்பம் நடந்த அன்று மட்டும் 24 பேர். இவர்களில் மூன்றே பேர்தான் வழக்கத்தை மீறி உடலை வருத்தி உழைத்தவர்கள். மற்றவர்கள் எந்தச் சுவரையும் தூக்கவில்லை, எந்த மாடியிலிருந்தும் குதிக்கவில்லை. அதைவிட விசித்திரம், அடுத்த ஆறு நாட்களில் இத்தகைய மரணங்கள் நாளுக்கு 2.7 ஆகக் குறைந்தன. சில நாட்கள் கழித்துப் போக வேண்டியவர்கள் அன்றே போய்விட்டார்கள் போலிருக்கிறது.

‘பயத்திலேயே உயிர் போய்விட்டது’ என்று பாட்டிமார்கள் சொல்வதை மருத்துவப் படிப்பு வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. ரத்தக் குழாயில் அடைப்பு இருக்க வேண்டும், தசை கெட்டிருக்க வேண்டும், கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவது ஒரு கோளாறு வேண்டும். பயத்தை நுண்ணோக்கியில் பார்க்க முடியாதே.

பயம் இதயத்துக்குப் போய்ச் சேரும் வழி நரம்புதான். வேடிக்கை என்னவென்றால், துடிப்பதற்கு இதயத்துக்கு நரம்பே தேவையில்லை. உடலிலிருந்து வெட்டியெடுத்த தவளையின் இதயம் உப்புக் கரைசலில் நெடுநேரம் தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் புகை படிந்த காகிதம் சுற்றிய உருளையில் அந்தத் துடிப்பின் ஏற்ற இறக்கங்களைப் பதிவு செய்த காலம் ஒன்று உண்டு. மேலறையின் சுவரில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுதான் மின்துடிப்பைக் கிளப்புகிறது. இதை 1907இல் ஆர்தர் கீத்தும் அவரிடம் வேலை பார்த்த மருத்துவ மாணவர் மார்ட்டின் ஃப்ளாக்கும் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கணுவை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வில் இருக்கும் மனிதனின் நாடி 70தான். மிச்சத்தை இழுத்துப் பிடிப்பது மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு. ஜட்கா வண்டிக்காரன் கையிலுள்ள கடிவாளம் போல அது எந்நேரமும் லேசான இழுப்பில் இருக்கிறது. சவுக்கு வேறு நரம்பு. முதுகுத் தண்டை ஒட்டிக் கழுத்திலும் மார்பிலும் ஓடும் பரிவு நரம்புகள் ஆபத்து என்றதும் நார்அட்ரினலினைச் சொரிந்து இதயத்தை விரட்டுகின்றன. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களைப் பார்த்தால் இது புரியும். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1994 ஆகஸ்டில் டாக்டர் வேணுகோபாலின் குழு நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தது. அப்படிப் பொருத்தப்படும் இதயத்தில் நரம்புகள் அறுபட்டிருக்கும். அது ஓய்விலும் 90, 100 என்றே ஓடும். மாடிப்படி ஏறினால் உடனே வேகம் பிடிக்காது. ரத்தத்தில் கலந்து அட்ரினலின் வந்து சேரும்வரை காத்திருக்கும்.

வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் நிற்கிறது என்று ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1845இலேயே காட்டினார்கள். நரம்பு என்றால் இயக்குவது என்று நம்பியிருந்தவர்களுக்கு, நிறுத்தும் நரம்பு ஒன்று இருப்பதே அதிர்ச்சி. எப்படி நிறுத்துகிறது என்பதற்கு மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அந்த விடை கனவில் வந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஆட்டோ லோவி, ஓர் இரவு கனவில் கண்ட சோதனையைத் தூக்கக் கலக்கத்தில் கிறுக்கி வைத்தார். காலையில் அவருடைய கையெழுத்து அவருக்கே புரியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே கனவு. இந்த முறை அவர் எழுதிக்கொண்டிருக்கவில்லை, நேராக ஆய்வகத்துக்கு ஓடினார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து இன்னொன்றின் மேல் விட்டார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகியது. நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது என்பது நிரூபணமாயிற்று. அது அசிட்டைல்கோலின். 1921இல் வெளியான இந்த ஆய்வுக்காக 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது யூதரான லோவி சிறையில் அடைக்கப்பட்டார். பரிசுப் பணத்தை நாஜிகள் சொன்ன வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பிறகே நாட்டைவிட்டு வெளியேற அனுமதித்தார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதயத் தாளக் கோளாறுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் நரம்பைவிட ஈ.சி.ஜி. தாளில் விழும் கோடுகளையே அதிகம் நம்பினார்கள். அதற்கு நோயாளிகள் கொடுத்த விலை பெரிது.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்குக் கீழறையிலிருந்து இடையிடையே அதிகப்படித் துடிப்புகள் கிளம்பும். அவர்கள் பிற்காலத்தில் திடீரென்று இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே அந்தத் துடிப்புகளை அடக்கினால் மரணத்தையும் தடுக்கலாம் என்பது டாக்டர்களின் தர்க்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளைத் துடைத்தாற்போல் நீக்கின. டாக்டர்கள் எழுதித் தள்ளினார்கள். இருந்தாலும் ஒழுங்காகச் சோதித்துவிடலாம் என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு தொடங்கியபோது, பாதிப் பேருக்குப் போலி மாத்திரை கொடுப்பது தர்மமா என்று கேட்டவர்களும் உண்டு. மருந்துக்குத் துடிப்பு அடங்குகிறது என்று தெரிந்தவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள். அதாவது மருந்து ‘வேலை செய்த’ நோயாளிகள்.

1989 ஏப்ரலில் அந்த இரு மருந்துகளின் சோதனையும் பாதியில் நிறுத்தப்பட்டது. 1991இல் முழு விவரம் அச்சானது. மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். ஈ.சி.ஜி. அழகாகிக்கொண்டே வந்தது, நோயாளிகள் இறந்துகொண்டே இருந்தார்கள். தழும்பு விழுந்த இதயத் தசையில் மின்சாரம் ஏற்கெனவே தட்டுத் தடுமாறித்தான் போகிறது. மருந்து அதை மேலும் மந்தமாக்கியதால், அலை அணையாமல் திரும்பத் திரும்ப ஒரே வட்டத்தில் சுற்றத் தொடங்கிவிட்டது என்பது பிற்பாடு சொல்லப்பட்ட விளக்கம். ஆய்வுக்கு வெளியே இந்த மருந்துகளைச் சாப்பிட்டு இறந்தவர்கள் எத்தனை பேர்? 50,000க்கு மேல் என்று தாமஸ் மூர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1995இல் எழுதினார். அது மதிப்பீடுதான், கணக்கெடுப்பு அல்ல. நல்ல வேளையாக யாரோ போலி மாத்திரையை வற்புறுத்தினார்கள்.

இதில் வருத்தம் தரும் விஷயம், உயிர் காக்கும் மருந்து அதற்கு முன்பே கையில் இருந்தது என்பதுதான். சவுக்கடி இதயத்தில் உறைக்காமல் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை அது. ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய ப்ரொப்ரனலால் 1960களிலேயே வந்துவிட்டது. மாரடைப்பு வந்த 3,837 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களில் 7.2 சதவீதத்தினரும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 9.8 சதவீதத்தினரும் இறந்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்ததால் 1981இல் அந்த ஆய்வும் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அதிகப்படித் துடிப்புகளை அடக்குவதில் பீட்டா பிளாக்கர் அப்படியொன்றும் கெட்டியில்லை. விலையோ மலிவு. இந்த இரண்டுமே அதன் மதிப்பைக் குறைத்துவிட்டன என்று நினைக்க இடமிருக்கிறது.

பிறகு ஆராய்ச்சியாளர்களின் பார்வை நரம்பின் பக்கம் திரும்பியது. மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தால் நாடி சற்று விரையும், மூச்சை விட்டால் தணியும். இது கோளாறல்ல, கடிவாளம் சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். கடிகாரம்போலப் பிசகாமல் துடிக்கும் இதயம்தான் கவலைக்குரியது. இத்தாலிய டாக்டர்கள் முன்னின்று நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பு வந்த 1,284 பேரில் இந்த ஏற்ற இறக்கம் குறைந்து போனவர்களே அதிகம் இறந்தார்கள்.

கீழறை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கினால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவியை மிஷெல் மிரோவ்ஸ்கியின் குழு 1980இல் பால்டிமோரில் முதல்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. இந்தியாவில் அதன் விலை லட்சங்களில். ஆனால் நினைவோடு இருக்கும்போது அது அதிர்ச்சி கொடுத்தால், மார்பில் குதிரை உதைத்ததுபோல இருக்கும் என்கிறார்கள் அனுபவித்தவர்கள். அந்த உதையின் பயத்தில் பரிவு நரம்பு மீண்டும் சவுக்கை எடுக்கிறது. தாளம் மறுபடி தவறுகிறது, கருவி மறுபடி உதைக்கிறது. ஒரே நாளில் பல முறை இப்படி நடப்பதை ‘மின்புயல்’ என்கிறார்கள். தாய்லாந்தில் பிறந்த டாக்டர் நடெமனியின் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய நோயாளிகள் 49 பேர். அன்றைய விதிமுறைப்படி தாளத்தை அடக்கும் மருந்துகள் கொடுக்கப்பட்டவர்களில் ஒரே வாரத்தில் 82 சதவீதத்தினர் இறந்தார்கள். பரிவு நரம்பை மருந்தாலோ ஊசியாலோ கட்டிப் போட்டவர்களில் 22 சதவீதத்தினர். சிறிய ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்ததும் அல்ல. ஆனாலும் வித்தியாசம் கண்ணில் அடிக்கிறது.

எதற்கும் அடங்காதவர்களுக்கு அந்த நரம்பையே வெட்டிவிடுவது உண்டு. ருமேனியாவின் யோனெஸ்கு 1916இல், நெஞ்சுவலிக்காக, செய்து பார்த்த அறுவை இது. இப்போது விலா எலும்புகளுக்கிடையே சிறு துளைகள் போட்டு, நட்சத்திர முடிச்சு எனப்படும் நரம்புத் திரளின் கீழ்ப் பாதியையும் அதை அடுத்த சில முடிச்சுகளையும் எடுத்துவிடுகிறார்கள். மேல் பாதியைத் தொட்டால் கண் இமை தொங்கிவிடும். அந்தப் பக்கத்துக் கை பிறகு வியர்ப்பதில்லை. மும்பை டாக்டர்களும் பங்கேற்று 2017இல் வெளியான ஆய்வில், இப்படி அறுவை செய்துகொண்ட 121 பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஓராண்டு வரை அதிர்ச்சியோ தாளத் தவறோ இல்லாமல் இருந்தார்கள்.

சவுக்கைப் பிடுங்குவது பலித்த அளவு கடிவாளத்தை இறுக்குவது பலிக்கவில்லை. நாய்களிடம் வேகஸ் நரம்பைத் தூண்டியபோது கிடைத்த வெற்றியை நம்பி, பலவீனமான இதயம் உள்ள 707 பேரிடம் கழுத்தில் தூண்டும் கருவி சோதிக்கப்பட்டது. 2016இல் வந்த முடிவு, மரணம் குறையவில்லை.

இந்த ஆராய்ச்சியில் இந்தியக் குடும்பங்களை நேரடியாகத் தொடும் பகுதி ஒன்று உண்டு. துடிப்புக்குப் பின் இதயத்தின் மின்னூட்டம் மீள அதிக நேரம் எடுக்கும் பரம்பரைக் கோளாறு அது. ஈ.சி.ஜி.யில் ‘க்யூ.டி.’ இடைவெளி நீண்டிருக்கும். பிள்ளை பார்க்க நன்றாக இருக்கும், ஓடி விளையாடும். கிணற்றில் நீந்தும்போதோ, கடிகார அலாரம் திடீரென்று அலறும்போதோ மயங்கி விழும். கை கால் வெட்டி இழுக்கும். காக்காய் வலிப்பு என்று ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுப்பார்கள், சில ஊர்களில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். பெரும்பாலோரைக் காப்பாற்றக்கூடியது அதே மலிவான பீட்டா பிளாக்கர்தான். இவர்களுக்குச் சாதாரண மருந்துகளே எமனாகலாம். வயிற்று உபாதைக்குக் கொடுக்கப்பட்ட சிசாப்ரைடு இந்த இடைவெளியை நீட்டியதால் 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. இந்தியா அதைத் தடை செய்தது 2011இல்.

1957இல் நார்வேயின் யெர்வெல், லாங்க நீல்சன் என்ற இரு டாக்டர்கள் ஒரே குடும்பத்தின் நான்கு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். நால்வரும் பிறவியிலேயே காது கேளாதவர்கள், நால்வருக்கும் மயக்கம் வரும். மூவர் திடீரென்று இறந்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் இந்த வகை தோன்றும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கம் உள்ள இடங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். காது கேளாத குழந்தை மயங்கி விழுகிறது என்றால் காது டாக்டரும் நரம்பு டாக்டரும் மட்டும் பார்த்தால் போதாது. ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்கள் ஆகும், வட்டார மருத்துவமனையிலேயே எடுத்துவிடலாம். அந்தத் தாளில் இடைவெளியை அளந்து பார்க்க ஒருவர் வேண்டும்.