ஒட்டுபவர் ஒருவர், உரிப்பவர் இன்னொருவர்

ஒரு சாண் நீளமுள்ள ஸ்டிக்கரைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டுமா என்று வாசகர்களுள் சிலர் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது எனது தாழ்மையான கருத்து. பிறருடைய வாகனத்தின் மீது அவரிடம் ஒரு வார்த்தையேனும் கேளாமல் விளம்பரத் துண்டை ஒட்டிவிட்டுப் போவது இந்நாட்டில் குற்றமாகவோ குறைந்தபட்சம் நாகரிகக் குறைவாகவோ கருதப்படுவதில்லை. ஒட்டுவதற்கு அரை நிமிடம் போதும். அதை உரித்தெடுப்பதற்கு அரை நாளும், சில வேளைகளில் புதிய வர்ணப்பூச்சுக்கான செலவும் தேவைப்படுகின்றன. அரை நிமிடம் செலவிட்டவர் இலாபம் அடைகிறார். அரை நாளை இழப்பவர் வாகனச் சொந்தக்காரர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் சேர்விஸுக்கு விட்டிருந்த எனது காரை எடுக்கச் சென்றிருந்தேன். பின்கதவில் அந்த இடத்தின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பெரிய சிவப்பு எழுத்துகளில் பளிச்சிட்டன. “யாரைக் கேட்டு ஒட்டினீர்கள் தம்பி?” என்று வினவினேன். “எல்லாருக்கும் ஒட்டுறதுதான் ஐயா. இதுக்குக் காசு எடுக்கிறேல்லை” என்றார் அந்த இளைஞர், எனக்கு ஏதோ சலுகை செய்தவர்போல. அவரில் குற்றமில்லை. முதலாளி சொன்னதைச் செய்தார். ஆனால் கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்முன்னோர் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

வாகனம் விற்பவர், திருத்துபவர், காப்புறுதி முகவர், தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர் என்று ஒட்டுவோரின் பட்டியல் நீளமானது. தேர்தல் காலத்தில் அரசியல் கட்சிகளின் தொண்டர்களும் சேர்ந்துகொள்வர். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் என எட்டு மாதங்களுக்குள் மூன்று தேர்தல்களைக் கண்ட நாடு இது. தேர்தல் காலத்தில் வாகனங்களில் வேட்பாளரின் படத்தையோ சின்னத்தையோ காட்சிப்படுத்துவதை, வேட்பாளர் பயணிக்கும் வாகனம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, 1981 ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் தடை செய்கிறது. அப்படியிருந்தும் தரிப்பிடத்தில் நிற்கும் முச்சக்கர வண்டியின் முதுகில் யாரோ ஒருவர் சின்னத்தை ஒட்டிவிட்டுப் போகிறார். பொலிஸார் மறித்தால் பதில் சொல்ல வேண்டியவர் சாரதி.

“ஒரு கடதாசித் துண்டுதானே, உரித்து எறிந்தால் முடிந்தது” என்பது இவர்களின் வாதம். இந்த வாதம் வர்ணப்பூச்சு எதுவென்று அறியாதவர்களின் வாதம். இன்றைய கார் ஒன்றின் தகட்டின் மேல் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அவற்றுக்கு மேலே நிறமற்ற ஒளிபுகு பூச்சு என்று பல படைகள் உள்ளன. அனைத்தும் சேர்ந்தாலும் தடிப்பு ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன் வரையே. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பளபளப்பைத் தருவதும், சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்த மேற்படைதான். அது ஏறத்தாழ 40, 50 மைக்ரோன் மட்டுமே. நம் தலைமயிரைவிட மெல்லிய ஒரு தோல். அந்தத் தோலின் மேல்தான் இவர்கள் பசையைப் பூசுகிறார்கள்.

பசையின் குணமும் கவனிக்கத் தக்கது. ஸ்டிக்கரின் பசை ஒட்டிய கணத்தோடு வேலையை முடித்துக்கொள்வதில்லை. நாட்கள் செல்லச் செல்ல அது மெல்லப் பரவிப் பூச்சின் நுண்ணிய மேடு பள்ளங்களில் இறங்குகிறது. யாழ்ப்பாணத்தினதும் மட்டக்களப்பினதும் வெயிலில் நிற்கும் வாகனத்தின் தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுவதை நாம் அறிவோம். அந்தச் சூடு இக்காரியத்தைத் துரிதப்படுத்துகிறது. மறுபுறம், மேலேயுள்ள பிளாஸ்ரிக் தாள் அதே வெயிலில் நெகிழ்ச்சியை இழந்து நொறுங்கும் தன்மையை அடைகிறது. இழுத்தால் தாள் துண்டு துண்டாகக் கழன்று வரும், பசை அங்கேயே தங்கிவிடும். பின்னர் வீதித் தூசி முழுவதும் அதில் படிந்து கறுத்துப் போகும். எப்படியோ பசையையும் போக்கினாலும் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுநிறத்துடனும் சுற்றுப்புறம் மங்கியும் தெரியும். ஒட்டியவரின் பெயர், அவர் இல்லாமலே அங்கு நிலைத்திருக்கும்.

இதன் பிறகு ஆரம்பிப்பதுதான் உண்மையான அழிவு. நம்மவர்களிடம் மூன்று ஆயுதங்கள் உண்டு: பிளேட், பெற்றோல், தின்னர். கண்ணாடியில் பழகிய கை பிளேட்டை எடுக்கிறது. கண்ணாடி கடினமானது, அதைத் தாங்கும். பூச்சு தாங்காது. பெற்றோல் பசையைக் கரைப்பது உண்மையே. ஆனால் அதன் ஆவி ஒரு சிறு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும், அதிலுள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கவல்லது. தின்னரோ எல்லாவற்றிலும் மோசமானது. தொழிற்சாலையில் சூளையில் சுட்டு இறுகவைத்த பூச்சு அதைச் சிறிது நேரம் சமாளிக்கக்கூடும். ஆனால் இந்நாட்டு வீதிகளில் ஓடும் வாகனங்களில் ஒருமுறையேனும் கராஜில் மீள்பூச்சுப் பூசப்படாதவை எத்தனை? கராஜில் அப்படிச் சுட முடியாது. பழைய நைற்றோ செலுலோஸ் வகைப் பூச்சு வெறுமனே காய்ந்து நிற்பது. எத்தனை வருடம் சென்றாலும் தின்னர் பட்டவுடன் இளகி, துணியோடு நிறமும் சேர்ந்தே வந்துவிடும்.

அந்தத் தின்னரை வெறுங்கையால், முகமூடி இன்றி, காற்றோட்டமில்லாத மூலையில் நின்று பூசுகிறவர் யார்? நாட்கூலிக்கு நிற்கும் இளைஞர். தின்னர்களில் பெரும்பாலும் கலந்திருக்கும் தொலுயீன் தோலை உலர்த்தி வெடிக்கச் செய்யும். நீண்டகாலம் அதன் ஆவியைச் சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். ஸ்டிக்கரை அச்சிட்டவருக்கும் அச்சிடச் சொன்னவருக்கும் இந்தக் கைகளைப் பற்றிய சிந்தனை இருந்ததாகத் தெரியவில்லை.

முறையான வழி இல்லாமலில்லை. அது பொறுமையைக் கேட்கும் வழி. முதலில் இடத்தைச் சவர்க்காரநீரால் கழுவி மணலை அகற்ற வேண்டும். தலைமயிர் உலர்த்தும் கருவியை அசைத்து அசைத்துப் பிடித்து ஸ்டிக்கரை இளஞ்சூடாக்கி, ஒரு மூலையை நகத்தால் தூக்கி, தாளைப் பின்புறமாக மடித்தபடி மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். மிஞ்சும் பசையின் மேல் தேங்காயெண்ணெயில் தோய்த்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் பல பசைகள் ஊறி இளகும். அதற்கும் மசியாவிட்டால் துணியில் சிறிதளவு மண்ணெண்ணெயோ ஐசோபுரோப்பைல் அற்ககோலோ எடுத்து, கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் முதலில் சோதித்துவிட்டு, மெதுவாகத் துடைக்கலாம். சுரண்டியே ஆகவேண்டுமெனில் பழைய தொலைபேசி அட்டை போன்ற பிளாஸ்ரிக் துண்டு போதும். இறுதியில் மீண்டும் கழுவி மெழுகு பூச வேண்டும். சுப்பர் குளூ பட்ட இடமானால் வீட்டில் கைவைக்காதிருப்பதே நல்லது. அதைக் கரைக்கும் அசற்றோன் பூச்சையும் கரைத்துவிடும்.

இத்தனையையும் செய்ய ஒரு முச்சக்கர வண்டிச் சாரதிக்கு அரை நாள் செல்லும். அந்த அரை நாளின் வருமானத்தை அவருக்கு யார் கொடுப்பார்? ஸ்டிக்கர் சின்ன விடயம் என்போர் இக்கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில் பழைய வாகனமே பல குடும்பங்களின் பெருஞ்சொத்தாகியது. விற்கச் சென்றால் வாங்குபவர் முதலில் பார்ப்பது பூச்சைத்தான். மீள்பூச்சுப் பூசிய கதவைக் கண்டால், “எங்கே அடிபட்டது?” என்ற கேள்வி எழும், பெறுமதி இறங்கும்.

இன்னுமொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் ஒட்டும் நாடாக்களின் முன்னோடிகளுள் ஒன்று வாகனப் பூச்சைக் காக்கவே பிறந்தது. அமெரிக்காவின் மின்னெசோட்டாவில் திரீஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ட்ரூ என்பவர், இரட்டை நிறக் கார்களுக்குப் பூச்சுப் பூசும் தொழிலாளர் ஒட்டிய நாடாவை உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து கழன்று வருவதைக் கண்டார். அவர்களின் ஆத்திரத்தைக் கேட்டவர் சும்மா இருக்கவில்லை. தேவையான அளவு ஒட்டி, தேவையானபோது பூச்சுக்குச் சேதமின்றிக் கழலும் நாடாவை 1925 இல் உருவாக்கினார். நூறு வருடங்களுக்கு முன்னர் ஒருவருக்கு இருந்த அக்கறை இன்று நமது விளம்பரதாரர்களுக்கு இல்லை. எளிதில் கழலும் பசை கொண்ட தாள்கள் இன்று உலகச் சந்தையில் உண்டு. இவர்களோ தேடித் தேடி கழலாத பசையையே தெரிவு செய்கின்றனர், ஏனெனில் கழலாமலிருப்பதுதான் அவர்களின் நோக்கம்.

சொந்த வாகனத்தில் தெய்வத்தின் படத்தையோ, பிள்ளையின் பெயரையோ, தான் நம்பும் கொள்கையையோ ஒருவர் விரும்பி ஒட்டுவதை நான் எதிர்க்கவில்லை. அது அவருடைய உரிமை, உரிக்கும் உழைப்பும் அவருடையதே. நான் எதிர்ப்பது ஊரார் முதுகில் தன் பெயரை எழுதும் வழக்கத்தை.

ஆகவே சில கோரிக்கைகள். சேர்விஸ் நிலையங்களும் விற்பனை நிலையங்களும் கேட்டு, சம்மதம் பெற்று, அதன் பின்னரே ஒட்டட்டும். ஒட்டுவதாயின் பூச்சில் அல்ல, பார்வையை மறைக்காத கண்ணாடி மூலையில் ஒட்டட்டும். கேளாமல் ஒட்டப்பட்டிருந்தால் வாகனச் சொந்தக்காரர் வெட்கப்படாமல் அங்கேயே நின்று, சூடு காட்டி, சேதமின்றி உரித்துத் தரும்படி கேட்கட்டும். புதிய பசை இளகியது, அன்றே உரித்தால் சுலபமாக வரும். ஒரு வருடம் பொறுத்துவிட்டுக் கோபப்படுவதில் பயனில்லை. அரசியல் கட்சிகளோ, தேர்தல் முடிந்த மறுநாள் நன்றியறிவித்தல் சுவரொட்டி ஒட்டுவதை விடுத்து, ஒட்டியவற்றை உரிக்கத் தொண்டர்களை அனுப்பட்டும். அவர்களின் கையில் பிளேட்டைக் கொடுக்காமல் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொடுக்கட்டும்.