பழியா, பிறவிப் பழியா?

பழித்தல், தூற்றல், கொடியராக்கல் மூன்றும் ஒன்றே என்பார் உளர். ஒன்றல்ல, தோழர்களே! செய்த தீமையைச் சுட்டுவது பழித்தல், திருந்தினால் தீரும். செய்யாததைச் செய்ததாகப் பரப்புவது தூற்றல்; சான்று காட்டினால் சாயும். பிறப்பையே குற்றமாக்குவது கொடியராக்கல். இதற்குத் திருத்தமும் இல்லை, சான்றும் இல்லை!

வெள்ளையர் ஆட்சி 1871-இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தது இம்மூன்றாவதையே. திருடியவனைத் தேடவில்லை அது. தொட்டிற் குழந்தையையும் திருடர் குலம் என்றது. 1911-இல் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920-இல் குண்டுகள் துளைத்தன.

1947-இல் இம்மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது, சொல் ஒழிந்ததா? "அந்தச் சாதியா? அப்படித்தான்!" என்னும் நாவில் அது இன்றும் வாழ்கிறதே! குற்றத்தைக் கூண்டிலேற்றுங்கள், குலத்தை அல்ல!